‘கோபம் இருக்கிறதாம்’: உளப்பகுப்பாய்வில் மொழியைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகிச்சைக்கு வரும் ஒருவர், பல மாதப் பேச்சுக்குப் பிறகு, “எனக்கு அப்பாவின் மீது கோபம் இருக்கிறதாம்” என்று சொன்னால், சிகிச்சையாளரின் விளக்கத்தை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்றே தோன்றும். ஆனால் ‘ஆம்’ என்னும் அந்தச் சிறு ஒட்டு, தம் கோபத்தையே அவர் பிறர் வாயிலாகக் கேள்விப்பட்ட செய்தியாகச் சொல்கிறார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தம் மனத்தைப் பற்றித் தெரிந்துகொள்வதும், அந்த மனத்திலிருந்தே பேசுவதும் ஒன்று என எண்ணுவதுதான், என் பார்வையில், தவறுகளில் மிகப் பெரியது. இந்த வேறுபாட்டை ரிச்சர்ட் மோரன் என்னும் தத்துவ அறிஞர் 2001இல் விரிவாக ஆராய்ந்தார். சான்றுகளை அடுக்கிப் பார்த்துத் தமக்குக் கோபம் இருப்பதாக முடிவு செய்பவர், தம்மிடமே அயலாராக நிற்கிறார். உளப்பகுப்பாய்வு என்னும் பேச்சுவழிச் சிகிச்சையை உருவாக்கிய ஃபிராய்டும் இதை அறிந்திருந்தார். நோயாளிக்கு அவருடைய நனவிலி மனத்தை, அதாவது அவரே அறியாத ஆழ்மனத்தை, பற்றிய தகவலை மட்டும் எடுத்துரைப்பதை, பஞ்ச காலத்தில் உணவுப் பட்டியலை விநியோகிப்பதற்கு அவர் 1910இல் ஒப்பிட்டார்.

எனவே விளக்கம் சரியா என்பதோடு நின்றுவிடாமல், அது எந்த வாக்கிய வடிவில் திரும்பி வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சொற்களால் செயல்களையே செய்கிறோம் என்று மொழித் தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் காட்டினார். “என்னால் முடியாது” என்பது தகவலாகவும், மன்றாட்டாகவும், மறுப்பாகவும் இருக்கலாம்; அதைத் தகவலாக மட்டும் கேட்பவர் மற்ற இரண்டையும் தவறவிடுவார்.

மறுப்பைக் கேட்பதிலும் இதே அவசரம் நேர்கிறது. கனவில் வந்தவர் தம் தாய் அல்ல என்று வலியச் சொல்பவரிடம், அந்த மறுப்பின் வழியாகவே தாயைப் பற்றிய எண்ணம் வெளிப்படுவதாக ஃபிராய்ட் 1925இல் எழுதினார். இதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ‘இல்லை’யையும் ‘ஆமாம்’ என மாற்றி எழுதுவது பிழை. 1937இல் அவரே, நோயாளியின் ஆமோதிப்போ மறுப்போ தனியாக எதையும் முடிவு செய்துவிடாது என்றும், அதன் பின் எழும் நினைவுகளையும் எண்ணத் தொடர்களையும் பார்க்க வேண்டும் என்றும் தெளிவுபடுத்தினார்.

‘ஆழ்மனம்’ என்ற சொல்லும் நம்மை ஏமாற்றக்கூடியது. ஆழம் என்றவுடன் ஓர் இடமும், அதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொருவரும் மனக்கண்ணில் வந்துவிடுகிறார்கள். மறைக்க வேண்டியது எதுவென அறியாமல், ஃபிராய்ட் மனத்துக்குள் இருப்பதாகச் சொன்ன தணிக்கையாளர் எப்படி மறைக்க முடியும் என்று பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சார்த்தர் 1943இல் எழுப்பிய கேள்வி இந்தப் படத்தையே குறிவைக்கிறது. ‘அவருடைய ஆழ்மனம் தாமதித்தது’ என்பதைவிட ‘அவர் தாம் அறியாமலே தாமதித்தார்’ என்று சொல்வது நல்லது. செய்தவர் அவரே என்பது அப்போது மறைந்துபோவதில்லை.

கடைசியாக, ‘காரணம்’. ஒரு நிகழ்வை உண்டாக்கியதையும், ஒருவர் தம் செயலுக்குச் சொல்லும் நியாயத்தையும் தமிழில் இந்த ஒரே சொல்லால் குறிக்கிறோம். ஃபிராய்ட் இவ்விரண்டையும் குழப்பிவிட்டார் என்பது தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைனின் குற்றச்சாட்டு. அதையே இறுதித் தீர்ப்பாகக் கொண்டு சிகிச்சையை ஒதுக்கிவிடுவது இன்னொரு தவறு. ஒருவருடைய நியாயமே அவரது செயலை உண்டாக்கவும் கூடும் என்று இன்னொரு தத்துவ அறிஞரான டொனால்ட் டேவிட்சன் 1963இல் வலுவாக வாதிட்டார். சிகிச்சை அறையில் இதன் பயன் எளிமையானது. “எது இதை உண்டாக்கியது?” என்ற கேள்விக்குச் சிகிச்சையாளரும் விடை தேடலாம், “எதற்காக இப்படிச் செய்கிறேன்?” என்பதற்கு வந்தவரே, ‘ஆம்’ ஒட்டாத வாக்கியத்தில், விடை சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.