ஆன்டிவைரஸ் ஓடுகிறது, டி டிரைவை மட்டும் பார்ப்பதில்லை

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் டெல்டாவில் உரக்கடைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. குறுவைக்கு யூரியாவும் டிஏபியும் கேட்டு வாசல்வரை ஆட்கள் நிற்பார்கள். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டாலியில் பில் போட்டு என்டர் தட்டினால் திரை நாலு நொடி அப்படியே உறைந்து நிற்கும். புதிதாகச் சேர்ந்த பையன் எங்கேயோ போய் எதையோ மாற்றுவான், பில் பறக்கும். முதலாளிக்கும் சந்தோஷம். அவன் மாற்றியது என்ன என்பது, வைரஸ் உள்ள பென்டிரைவ் ஒன்று கடைக்குள் வந்துபோன பிறகுதான் தெரியவரும்.

தெரியாத மெயிலைத் திறக்காதே, பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டாதே என்பதெல்லாம் ஊரறிந்த சங்கதி. அவற்றை விட்டுவிடலாம். ஆன்டிவைரஸ் இருந்தும் கடைகளில் நடக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

முழு டிரைவுக்கும் விலக்கு கொடுப்பது

அந்தப் பையன் மாற்றியது இதைத்தான். டாலி பிரைமில் ஒவ்வொரு பில்லைச் சேமிக்கும்போதும் 1800 என்று முடியும் டேட்டா கோப்புகள் மாறும். பழைய டாலி இஆர்பி 9-ல் அவை 900 என்று முடியும். மாறிய கோப்பை ஆன்டிவைரஸ் உடனே திறந்து பார்க்கிறது. 4 ஜிபி ராமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கம்ப்யூட்டர் அதற்கே திணறும். ஆன்டிவைரஸ் பார்க்காமல் விட வேண்டிய இடங்களின் பட்டியலான எக்ஸ்க்ளூஷன்ஸில் டி டிரைவைச் சேர்த்துவிட்டால் திணறல் நின்றுவிடும்.

ஆனால் அந்த டி டிரைவில் டாலி மட்டுமா இருக்கிறது? பிரவுசரின் டவுன்லோடுகள், வாடிக்கையாளர் பென்டிரைவிலிருந்து இறக்கியவை, யாரோ கொடுத்த பிரிண்டர் டிரைவர், ஸ்கேன் செய்த ஆதார் நகல்கள் எல்லாம் அங்கேதான். அத்தனைக்கும் சேர்த்தே கதவைத் திறந்து வைத்தாயிற்று.

கோப்புகளை உடனுக்குடன் சோதிக்கும் ரியல் டைம் புரொடெக்ஷனையே அணைத்திருந்தால்கூட இவ்வளவு கேடு இல்லை. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் அது சிறிது நேரத்தில் தானாகத் திரும்ப வந்துவிடும், அணைந்திருக்கும்வரை எச்சரிக்கையும் காட்டும். எக்ஸ்க்ளூஷன் அப்படியல்ல. நாமாக நீக்கும்வரை இருக்கும், எல்லாம் சரி என்று காட்டும் பச்சை டிக்கும் மாறாது. எரிச்சலூட்டுவது அந்தப் பச்சை டிக்தான். ஃபுல் ஸ்கேன் போட்டாலும் டிஃபெண்டர் விலக்கு கொடுத்த இடத்தைத் தாண்டிப் போய், ஒன்றும் இல்லை என்று சொல்லும். வாத்தியார் பாதிப் பேப்பரைப் புரட்டாமலே நூற்றுக்கு நூறு போட்ட மாதிரி.

சரிசெய்ய, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ் வழியாக அடியில் உள்ள எக்ஸ்க்ளூஷன்ஸுக்குப் போங்கள். டிரைவ் எழுத்து மட்டும் தனியாக நிற்கும் வரியை நீக்குங்கள். டாலியில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் டேட்டா இருக்கும் பாதை தெரியும். உள்ளே எண்களே பெயராக உள்ள ஃபோல்டர்கள் இருக்கும். அந்த டேட்டா ஃபோல்டரை மட்டும் சேருங்கள். அதற்குள் வேறு எதையும், குறிப்பாக இன்ஸ்டால் செய்யும் கோப்புகளை, போட்டு வைக்கக் கூடாது. அன்று இரவே ஒரு ஃபுல் ஸ்கேன் ஓடட்டும்.

விலக்கு கொடுத்த ஃபோல்டர் காவல் இல்லாத களம். அதனால் தினமும் கடை சாத்தும் முன் ஆல்ட், ஒய் அழுத்தி பேக்கப் எடுத்து, வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர், செருகியே கிடக்கும் டிஸ்க்கையும் பூட்டிவிடும்.

இத்தனைக்கும், மந்தத்துக்குக் காரணம் பல கடைகளில் ஆன்டிவைரஸே இல்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பத்தியைப் பாருங்கள். 100 சதவீதம் காட்டும்போது மேலே நிற்பது ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள் இல்லையென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பழைய ஹார்ட் டிஸ்க்கை. 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று மாட்டிப் பாருங்கள்.

இரண்டு ஆன்டிவைரஸ்

ஒரு மடைக்கு இரண்டு நீர்க்கட்டி வேண்டாம். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒன்று போதும்.

ஆன்டிவைரஸ் பிடித்ததை ரீஸ்டோர் கொடுப்பது

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஏதாவது ஜெராக்ஸ் கடையில் கல்லூரி புராஜெக்ட் சீசனில் நடப்பது இது. மாணவியின் பென்டிரைவில் ஃபோல்டர்கள் இருந்த இடத்தில் ஒன்றிரண்டு கேபி அளவில் ஷார்ட்கட்கள் மட்டும் நிற்கும். ஆன்டிவைரஸ் அவற்றைத் தூக்கிவிடும். "அண்ணா, என் ஃபைல் எல்லாம் போச்சு" என்று அந்தப் பெண் பதற, கடைப் பையன் ஆன்டிவைரஸ் பிடித்தவற்றின் பட்டியலான புரொடெக்ஷன் ஹிஸ்டரிக்குப் போய், திரும்பக் கொண்டுவர ரீஸ்டோர் தட்டுவான். வைரஸுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது அது.

ஃபைல் எங்கும் போகவில்லை, மறைந்திருக்கிறது. டிரைவின் பிராப்பர்டீஸைப் பாருங்கள். 16 ஜிபி டிரைவ் காலியாகத் தெரிந்தும் 6 ஜிபி நிறைந்ததாகக் காட்டினால் எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. வியூவில் ஹிடன் ஐட்டம்ஸை டிக் செய்யுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில், ஆபரேட்டிங் சிஸ்டம் கோப்புகளை மறைக்கச் சொல்லும் டிக்கை எடுங்கள். பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் மொத்தமும் கிடக்கும். வேர்ட், பிடிஎஃப், படங்களை மட்டும் நகலெடுத்துவிட்டு டிரைவை ஃபார்மட் செய்யலாம். வேலை முடிந்ததும் அந்த டிக்கைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

கிராக்

கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் கடைகளுக்கு: உரிமப் பூட்டை உடைத்த கிராக் சாஃப்ட்வேர் உட்பட, ஆன்டிவைரஸை அணைத்தால்தான் ஏறும் என்கிற எதையும் ஏற்றாதீர்கள்.

பகல் 11 மணிக்கு ஃபுல் ஸ்கேன்

வியாபார நேரத்தில் வேண்டாம். ஞாயிறு போடுங்கள், அதுவும் யுபிஎஸ் இருந்தால். ஆஃப்லைன் ஸ்கேன் என்றால் கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகிச் சுமார் 15 நிமிடம் எடுக்கும், டாலியை மூடிவிட்டுத் தட்டுங்கள்.

விண்டோஸ் 7

2020 ஜனவரி 14-ல் மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. சிஸ்டத்தின் ஓட்டையை ஆன்டிவைரஸ் அடைக்காது. 2017 மே மாதம் வானாகிரை என்ற ரேன்சம்வேர் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச், அதாவது மைக்ரோசாஃப்டின் அப்டேட், மார்ச்சிலேயே வந்திருந்தது.

வேலை செய்கிறதா என்று பார்க்காமலே இருப்பது

இதற்கென்றே ஐகார் சோதனைக் கோப்பு இருக்கிறது. வெறும் 68 எழுத்து, எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் ஒழுங்கான ஆன்டிவைரஸ் எதுவும் அதைப் பார்த்ததும் கத்த வேண்டும். ஐகார் தளத்திலிருந்து அந்த வரியை நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டி, முதலில் டெஸ்க்டாப்பில் சேமியுங்கள். கத்தும். அடுத்து அதையே டி டிரைவில் சேமியுங்கள். சத்தமே இல்லையென்றால் அந்தப் பையனைக் கூப்பிட்டு, குறுவையின்போது எதை மாற்றினாய் என்று கேளுங்கள்.