மண்ணெண்ணெய் விலைக்குக் கணக்குக் கேட்பது எப்படி?

2022 ஓகஸ்டில் இலங்கையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. யாழ்ப்பாணத்துக் குருநகரில், மண்ணெண்ணெயில் ஓடும் என் அண்ணாவின் மீன்பிடிப் படகு பல நாள் கரையிலேயே கிடந்தது. எஞ்சினைக் கழற்றித் திண்ணையில் வைத்துச் சாக்கால் மூடிவிட்டார். அந்தச் சாக்கைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் கணக்குக் கேட்கப் பழகினேன்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்குக் கைகொடுக்கும். காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். அரச எரிபொருள் நிறுவனமான பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

எல்லாம் கேள்வியில்தான் இருக்கிறது. "ஏன் இந்த விலை?" என்று எழுதினால் விளக்கவுரைதான் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன மாத விலைத் திருத்தத்துக்கான கணக்கீட்டுத் தாள், அதில் இறக்குமதி விலை, டொலர் மாற்று வீதம், வரி, விநியோகச் செலவு எல்லாம் தனித்தனியாக. ஒரு கடிதத்துக்கு ஒரு மாதம், ஒரு எரிபொருள் போதும்.

தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எனக்கு ஓர் அலுவலகம் பதிலே போடவில்லை. சரி போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்பவர்) மேன்முறையீடு, அப்புறம் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. வர்த்தக இரகசியம் என்று மறுத்தால் 5(4) பிரிவை எழுதிக் காட்டுங்கள்: பொதுநலன் மேலோங்கினால் கொடுத்தே ஆக வேண்டும்.

தாள் வந்ததும் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் வரி வரியாக வாசியுங்கள்.