ஃபினீசியப் பானை ஓடு: நிறத்தைப் பார்த்து ஊர் சொல்லாதீர்கள்

அகழாய்வுக் கிடங்குக்குப் புதிதாக வருபவர்கள் ஃபினீசியர்களின் (பழங்கால லெபனான் கரைக் கடல் வணிகர்கள்) பானை ஓட்டைக் கையில் எடுத்ததுமே, "ஆரஞ்சு நிறம், டயர்தான்" என்று, லெபனான் கரையிலுள்ள டயர் (Tyre) நகரின் பெயரை எழுதிவிடுகிறார்கள். கழுவாத ஓட்டைப் பார்ப்பது, எண் எழுத மறப்பது எல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். இந்தப் பழக்கம் மட்டும் போவதே இல்லை.

நிறத்தை நம்புவது

நிறத்தில் பாதி மண்ணுடையது, பாதி சூளையுடையது. இரும்புச் சத்துள்ள ஒரே களிமண், காற்றோட்டத்தில் வெந்தால் சிவக்கும், காற்று குறைந்தால் சாம்பலாகும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணாக இருந்தால், சுமார் 850 டிகிரி தாண்டியதும் சிவப்பு மங்கி வெளிர்மஞ்சளாகத் தொடங்கும். ஒரே ஜாடியின் வாய் சிவப்பாகவும் அடி சாம்பலாகவும் இருக்கலாம். அதை இரண்டு ஊர்ச் சரக்கு என்று பட்டியலிட்டால், அதன்மேல் கட்டும் வணிகக் கணக்கு மொத்தமும் பிழை. உப்பு கலந்த மண் உலரும்போது மேலே வெண்படலம் கட்டும். அதையும் 'வெள்ளைப் பூச்சு' என்று பதிவு செய்பவர்கள் உண்டு.

ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு ஓட்டிலும் நகத்தளவு சில்லு எடுத்து, மின்சூளையில் காற்றோட்டத்தோடு 1000 டிகிரியில் ஒன்றாகச் சுடுங்கள். எல்லாம் ஒரே சூட்டில் வெந்தபின் தெரியும் நிறத்தை ஒப்பிடலாம். ஆறியதும் படமெடுத்துவிடுங்கள், சுண்ணாம்புக் கட்டி இருந்தால் ஈரம் இழுத்துச் சில நாளில் உதிரும்.

பழைய உடைவைப் பார்ப்பது

பழைய உடைவில் புதைந்திருந்த மண் படிந்திருக்கும், உள்ளே இருப்பது தெரியாது. ஓட்டை வரைந்து முடித்து, அனுமதி வாங்கி, குறடால் ஓரத்தைக் கிள்ளுங்கள். புது முகத்தை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்.

'மணல் கலந்தது' என்று மட்டும் எழுதுவது

என்ன மணல்? லெபனான் கரை மணலில் கிளிஞ்சல் துணுக்கும் சுண்ணாம்புப் பாசித் துண்டும் வரும். தெற்கே, இன்றைய இஸ்ரேல் கரையிலுள்ள அக்கோ பக்கம், நைலிலிருந்து கடல் நீரோட்டம் கொண்டுவந்த குவார்ட்ஸ். தென் ஸ்பெயினின் மாலகாவில் மைக்காவும் (மினுக்கும் கனிமம்) சிஸ்ட் பாறைத் துணுக்கும், இன்றைய துனிசியாவிலுள்ள கார்த்தேஜில் காற்றில் உருண்ட குவார்ட்ஸ் மணிகளும். மணியின் அளவு மில்லிமீட்டரில், உருட்சி (எவ்வளவு உருண்டது), சதவீதம் மூன்றையும் எழுதுங்கள்.

அதற்குப் பிறகும் டயரையும் அதே கரையிலுள்ள சரெப்தா ஊரையும் வெறும் லென்ஸால் பிரிக்க முடியாது. அதற்கு நுண்ணோக்கியில் பார்க்க 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்த மெல்லிய வெட்டும் வேதிப் பகுப்பாய்வும் வேண்டும்.

சிவப்புப் பூச்சு

சிவப்புப் பூச்சைப் பார்த்தும் டயர் என்று எழுதாதீர்கள். அந்தப் பூச்சுப் பானைகளை ஸ்பெயின் தென்கரையிலிருந்த ஃபினீசியக் குடியேற்றங்களிலும் செய்தார்கள்.

அமிலம்

மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரே சொட்டு, புது உடைவில் மட்டும். சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும். மேற்பரப்பில் விட்டால், மண்ணில் புதைந்திருந்தபோது படிந்த சுண்ணாம்புதான் நுரைக்கும். வேதிப் பகுப்பாய்வுக்கு ஒதுக்கிய சில்லில் அதுவும் கூடாது.