விலையைக் குறைக்காமல் போட்டியிடுவது எப்படி?

சிறுதொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பது என் வேலை. அவர்கள் கொண்டுவரும் நோட்டில் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு வரியை: சொந்தக் கூலி. பெரும்பாலும் அது இருக்காது. பை தைப்பவர் துணி, நூல், ஜிப், மின்சாரம் என்று எல்லாம் எழுதியிருப்பார். தைத்த நேரத்துக்கு மட்டும் எதுவும் போட்டிருக்க மாட்டார். மிச்சமானதை லாபம் என்பார். அது லாபமல்ல, அரைக்கூலி. அதே வேலைக்கு வெளியாளை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ, அதை முதலில் செலவில் எழுதுங்கள்.

அடுத்தது விலை. பக்கத்தில் ஒருவர் குறைத்தால் நமக்கும் கை பரபரக்கும். கூலி உட்பட 80 செலவாகும் பையை 100க்கு விற்கிறீர்கள், லாபம் 20. விலையை 90 ஆக்கினால் லாபம் பாதியாகும். பழைய லாபத்தைப் பிடிக்க இரண்டு மடங்கு விற்க வேண்டும், இரண்டு மடங்கு தைக்கவும் வேண்டும். 110 ஆக்கினால் ஒரு பைக்கு லாபம் 30; விற்பனை மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் பழைய மொத்த லாபம் அப்படியே கையில் நிற்கும்.

அந்தக் கூடுதல் 10ஐ யார் தருவார்? பழுதாகித் திரும்பி வரும் பைகளைப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் பிய்வது கைப்பிடி. அதன் அடியில் சதுரமாகத் தைத்து, உள்ளே பெருக்கல் குறிபோலக் குறுக்கே இரண்டு ஓட்டு ஓட்டினால், பாரம் ஒரே இடத்தில் இழுக்காது. கொஞ்சம் நூல், சில நிமிடங்கள், அவ்வளவுதான். ஆனால் அதன் அருமை கருவிகளைச் சுமந்து அலையும் பழுதுபார்ப்பவருக்குத்தான் தெரியும். அழகுக்கு வாங்குபவரிடம் விளக்கிப் பயனில்லை. ஆகவே யாருக்குத் தைக்கிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள். செலவில் எல்லோரையும்விடக் கீழே இரு, இல்லையேல் வேறுபட்டு நில் என்று ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1980களில் பெருநிறுவனங்களுக்குச் சொன்னார். ஒற்றைத் தையல் இயந்திரம் வைத்திருப்பவருக்கு முதல் வழி அநேகமாக மூடியே இருக்கிறது.

தொழில் வளரக் கடன் கிடைத்தால் போதும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆறு நாடுகளில் நுண்கடன், அதாவது ஏழைகளுக்குத் தரும் சிறு கடன், குறித்து நடந்த ஆய்வுகள் 2015இல் சேர்ந்து வெளியாயின. தொழில் ஓரளவு விரிந்ததே தவிர, குடும்ப வருமானம் பெரிதாக உயரவில்லை.

பெரிய ஆர்டர் வந்தால் நாட்களை எண்ணுங்கள். துணிக்காரருக்கு 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும், வாங்குபவரோ 60 நாள் கழித்துத்தான் தருவார் என்றால், நடுவில் 45 நாள் உங்கள் பணம்தான் அவருடைய தொழிலை நடத்துகிறது. பாதியை முன்பணமாகக் கேளுங்கள். மறுத்தால், 45 நாள் தாங்கும் அளவுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.