நீலகிரியில் பழைய கம்ப்யூட்டருக்குப் புது ஓ.எஸ். போடும்போது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஊட்டி, குன்னூர், கூடலூர் பக்கம் கடைகளிலும் வீடுகளிலும் அதே விண்டோஸோடு ஓடும் பழைய கம்ப்யூட்டர்கள் நிறைய. அவற்றின் ஓ.எஸ்.ஸை, அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளை, மாற்றுவதில் நாங்கள் விடாப்பிடியாகச் சொல்வது ஒன்றுதான்: பழைய ஹார்டு டிஸ்க்கின் மேலேயே புது ஓ.எஸ்.ஸைப் போடாதீர்கள். அதைக் கழற்றி வைத்துவிட்டு, புதிதாக ஒரு 240 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பகம்) வாங்கிப் போடுங்கள். எங்கே தப்பு நடந்தாலும் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் நேற்றைய நிலைமைக்கு வந்துவிடலாம்.

எந்த ஓ.எஸ். என்பதை பிராசசர் தீர்மானிக்கும். இன்டெல்லில் ஐ5-4570 என்றால் 4-ஆம் தலைமுறை, ஐ5-8250யூ என்றால் 8-ஆவது. 8-ஆம் தலைமுறையும் அதற்கு மேலும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருந்தால் விண்டோஸ் 11 போடலாம். தகுதியில்லாத மெஷினில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. கோர் 2 டுவோ போன்ற பழைய பிராசசர்களில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது. தகுதியில்லாத மெஷின்களுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓ.எஸ்., அதிலும் எடை குறைந்த எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு பொருந்தும். 2 ஜிபி ரேமில் ஓடும். 4 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் நடக்கிறது என்றால் லினக்ஸுக்குத் தாவ வேண்டாம்.

கழற்றும் முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பழைய டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். 'கரன்ட் பெண்டிங் செக்டர்' என்ற வரியில் பூஜ்ஜியத்தைத் தவிர வேறு எண் இருந்தால் டிஸ்க் தளர்ந்துவிட்டது. அப்போது விண்டோஸின் டிஸ்க் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டி அதை மேலும் வாட்டாமல், மிக முக்கியமான ஃபைல்களிலிருந்து காப்பி எடுக்கத் தொடங்குங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிரௌசர் புக்மார்க், கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர் எல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குப் போக வேண்டும். பலரும் மறப்பது எழுத்துருக்களை. பாமினியிலோ வானவில்லிலோ அடித்த பழைய கடிதங்கள், அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸிலிருந்து அவற்றையும் எடுங்கள். காப்பி முடிந்ததும் வேறொரு கம்ப்யூட்டரில் பத்துப் பதினைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

மின்ட் போடுவதென்றால், அதை இன்ஸ்டால் செய்ய இறக்க வேண்டிய ஐ.எஸ்.ஓ. ஃபைல் ஏறத்தாழ 3 ஜிபி. மழை நாளில் இணைப்பு விட்டுவிட்டு வந்தால் ஃபைல் அரைகுறையாக இறங்கும். இன்ஸ்டால் பாதியில் விசித்திரமான பிழை காட்டி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். செவன்-ஜிப் மென்பொருளின் வலது கிளிக் மெனுவில், ஃபைல் முழுதாக இறங்கியதா என்று காட்டும் எஸ்.எச்.ஏ-256 எண்ணைக் கணக்கிட்டு, மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருப்பது அத்தனையும் அழிந்துவிடும்.

இனி மெஷினைத் திறக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றி, எஸ்.எஸ்.டி.யை மாட்டுங்கள். நம் ஊர் ஈரம் ரேமின் தங்க நிறக் காலில் படலம் கட்டவைக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை பிரஷ்ஷால் தட்டிவிட்டு மாட்டுங்கள். தேதி அடிக்கடி பின்னுக்குப் போகிறதென்றால் சி.ஆர்.2032 பட்டன் செல்லையும் மாற்றிவிடுங்கள். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது, அப்டேட்டும் சறுக்கும். பனிக்கால இரவில் குளிர்ந்து கிடந்த மெஷினை ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்த உடனே ஆன் செய்யாதீர்கள். உள்ளே நீர் கோத்திருக்கும். இரண்டு மணி நேரம் சும்மா இருக்கட்டும்.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். கூடலூர், பந்தலூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரிலும் காற்றுமழை நாளைத் தவிர்ப்பது நல்லது. இன்ஸ்டால் நடுவே கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொள்ளலாம், பழைய டிஸ்க்தான் வெளியே இருக்கிறதே. மதர்போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்யும் நடுவே போனால் மதர்போர்டே செயலிழக்கக்கூடும். யூ.பி.எஸ். இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

ஆன் செய்ததும், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கு டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்.பி.யில் எஃப்9. பென் டிரைவ் பெயர் இரண்டு முறை தெரிந்தால் யூ.இ.எஃப்.ஐ. என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். உடனே இன்ஸ்டால் செய்யாமல், பென் டிரைவிலிருந்தே மின்ட் ஓடும் லைவ் நிலையிலேயே வைஃபை, ஒலி, பிரிண்டரைச் சோதியுங்கள். வைஃபை வேலை செய்யாவிட்டால் போனை யூ.எஸ்.பி. டெதரிங்கில் இணைத்து, டிரைவர் மேனேஜரில் டிரைவரை ஏற்றலாம். எல்லாம் சரி என்றால் இன்ஸ்டால் செய்யுங்கள். முடிந்ததும், பின்னால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட் ஒன்றை மின்ட்டின் டைம்ஷிஃப்ட் கருவியில் எடுத்து, கீபோர்டு அமைப்பில் தமிழ்99 சேர்த்து, ஃபான்ட்களை ஏற்றுங்கள்.

பழைய டிஸ்க்கைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் ஒரு மாதம் வையுங்கள். மாதக் கணக்கு முடிப்பது, ரசீது அச்சடிப்பது எல்லாம் ஒரு சுற்று புது ஓ.எஸ்.ஸில் நடந்த பிறகு, டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதை ஃபார்மேட் செய்து, எக்ஸ்டர்னல் கேஸில் போட்டு, இரண்டாவது பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.