ரிலே வாசலில் காவல் போடும்போது செய்யும் தவறுகள்

நாஸ்டர் என்ற மையமில்லாச் சமூக வலைப்பின்னலில் பதிவுகளை வாங்கிச் சேமித்துப் பகிரும் சர்வருக்கு ரிலே என்று பெயர். சொந்தமாக ஒரு ரிலே திறந்து வைத்தால் ஸ்பேம் குப்பை தேடிக்கொண்டு வரும். ஸ்டிர்ஃப்ரை மென்பொருளில் ரிலே ஓட்டுபவர்களுக்கு அதற்கென்றே ஒரு வசதி உண்டு: ரைட் பாலிசி ப்ளக்இன். உள்ளே வரும் ஒவ்வொரு ஈவென்ட்டையும் (பதிவு, தனிச்செய்தி, ரசீது எல்லாமே ஈவென்ட்தான்) ரிலே ஜேசான் என்ற தரவு வடிவில் ஒரு வரியாக ப்ளக்இன்னிடம் நீட்டும். ஏற்கலாமா, மறுக்கலாமா என்று ப்ளக்இன் ஒரு வரியில் பதில் சொல்லும். இருபது வரி பைத்தான் போதும். வினையும் அந்த இருபது வரிக்குள்தான் இருக்கிறது.

எல்லோரும் முதலில் எழுதுவது அனுமதிப் பட்டியல். நாஸ்டரில் ஒருவரின் அடையாளம் அவருடைய பொதுச்சாவிதான். நண்பர்கள் பத்துப் பேரின் பொதுச்சாவியைப் போட்டு, 'இவர்கள் கையொப்பமிட்டது மட்டும் உள்ளே' என்று விதி. நானும் அப்படித்தான் எழுதினேன். பதிவுகள் ஒழுங்காக வந்தன. தனிச்செய்தி மட்டும் ஒருவருக்கும் வரவில்லை. ரிலே பழுது என்று நினைத்து இரண்டு நாள் வேறெங்கோ தேடினேன்.

விஷயம் இதுதான். இப்போதைய தனிச்செய்திகள் 1059 என்ற வகை எண்ணோடு, உறைக்குள் உறையாக வருகின்றன. வெளி உறையில் கையொப்பமிடுவது அனுப்பியவரின் சாவி அல்ல. அந்த ஒரு செய்திக்காக உருவாக்கித் தூக்கிப்போடும் சாவி. யார் யாருக்கு எழுதினார் என்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே அந்தச் சாவி உங்கள் பட்டியலில் ஒருபோதும் இருக்காது. 9735 வகையான ஸாப் ரசீதும் (ஸாப் என்பது பிட்காயினின் லைட்னிங் வழியாக அனுப்பும் பணம்) இப்படித்தான். பணம் கொடுத்தவரோ வாங்கியவரோ அதில் கையொப்பமிடுவதில்லை; வாங்கியவரின் லைட்னிங் வாலட் சர்வர் இடுகிறது. இந்த இரண்டு வகைக்கும் கையொப்பத்தை விட்டுவிட்டு, பெறுபவரின் சாவி இருக்கும் 'பி' டேக்கைப் பாருங்கள். பெறுபவர் உங்கள் ஆள் என்றால் உள்ளே விடலாம். அந்த வழியாகவும் குப்பை வரும்தான். அதற்கு வேகக் கட்டுப்பாடு தனியாக வேண்டும்.

1059 வகைக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. நேரத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதால் வெளி உறையின் தேதியை இரண்டு நாள் வரை பின்னுக்குத் தள்ளி எழுதுவார்கள். 'ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையது வேண்டாம்' என்று விதி போட்டால் தனிச்செய்திகளில் பெரும்பாலானவை போய்விடும். ஸ்டிர்ஃப்ரையின் இயல்பான அமைப்பு மூன்று வருடம் பழையதைக்கூட ஏற்கும். எதிர்காலத் தேதிக்குத்தான் 15 நிமிடக் கெடு.

பட்டியலில் சாவியை 'என்பப்' வடிவில் (npub1 என்று தொடங்கும், ஆட்கள் பகிர்ந்துகொள்ளும் வடிவம்) ஒட்டிவிட்டு எல்லாமே மறுக்கப்படுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய. ஈவென்ட்டில் இருப்பது 64 எழுத்து ஹெக்ஸ். அதையும் சரிசெய்து, பட்டியல் கோப்பைத் திருத்திய பிறகும் ஒன்றும் மாறவில்லையா? ப்ளக்இன் ஸ்கிரிப்ட்டின் மாற்ற நேரம் புதிதானால்தான் ரிலே அதை மறுபடி ஏற்றும். தொடக்கத்தில் ஒரே முறை பட்டியலைப் படிக்கும் ஸ்கிரிப்ட் என்றால், 'டச்' கட்டளையால் அதன் மாற்ற நேரத்தையும் புதுப்பிக்க வேண்டும்.

பைத்தானில் பிரிண்ட் போட்டதும் ஃப்ளஷ் செய்ய (உடனே வெளியே தள்ள) மறந்தால் பதில் பஃபரிலேயே உட்கார்ந்துவிடும், ரிலே காத்துக்கொண்டே இருக்கும். டீபக் வரிகளையும் அதே அவுட்புட்டில் எழுதாதீர்கள். அவை ஸ்டாண்டர்ட் எரரில் போகட்டும்.

ஐபி முகவரியை வைத்துக் கட்டுப்படுத்துவது எளிது போலத் தெரியும். என்ஜின்எக்ஸ் போன்ற இடைநிலை சர்வருக்குப் பின்னால் ரிலே இருந்து, உண்மையான ஐபி எந்த ஹெட்டரில் வருகிறது என்று கான்ஃபிக்கில் சொல்லாவிட்டால், உலகமே 127.0.0.1 என்ற ஒரே ஆளாகத் தெரியும். ஒரு ஸ்பேமர் அளவை மீறினால் எல்லோருக்கும் கதவு சாத்தப்படும். மொபைல் நெட்வொர்க்குகளில் ஒரே ஐபி4 முகவரியைப் பலர் பகிர்வதும் உண்டு. ஐபி6இல் கதை தலைகீழ்: ஒரே ஆளிடம் எண்ண முடியாத முகவரிகள் இருக்கும், ஆகவே முதல் 64 பிட்டை மட்டும் வைத்து எண்ணுங்கள். வேறு ரிலேயிலிருந்து சிங்க் மூலம் வருபவற்றுக்கு ஐபி விதியே பொருந்தாது. ஈவென்ட் எந்த வழியாக வந்தது என்று ரிலே சொல்லும் 'சோர்ஸ் டைப்' புலத்தைப் பார்த்துப் பிரித்துவிடுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் இருக்கும் ரிலே என்றால் சொல் வடிகட்டியில் கூடுதல் கவனம் வேண்டும். கடன் விளம்பரத் தொல்லை தாங்காமல் 'லோன்' என்ற சொல்லைத் தடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிலோன் பரோட்டா பற்றி எழுதியவர் வெளியே நிற்பார். விளம்பரக்காரரோ உள்ளே வந்துவிடலாம், ஏனென்றால் 'லோ'வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஒப்பிடும் நிரலுக்கு அல்ல. முதலில் இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவுக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். நீளத்தை பைட்டில் அளப்பதும் நமக்கு எதிராகவே முடியும்: 'வணக்கம்' என்ற ஐந்தெழுத்து யூடிஎஃப்-8இல் 21 பைட். 'ஆங்கில எழுத்தல்லாதவை பாதிக்கு மேல் இருந்தால் ஸ்பேம்' என்ற விதியை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஷேடோ ரிஜெக்ட் என்றொரு பதிலும் இருக்கிறது. அனுப்பியவருக்கு 'வந்து சேர்ந்தது' என்று சொல்லிவிட்டு, சேமிக்காமல் விடுவது. ஸ்பேம் அனுப்பும் தானியங்கி நிரலை ஏமாற்ற அருமையான கருவி. சந்தேகத்துக்கு உரியவர்கள் மேலெல்லாம் பாய்ச்சினால் அநியாயம். தன் பதிவு ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று அவரால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. சாதாரண மறுப்பில் காரணம் எழுதுங்கள். அதன் முன்னொட்டைப் படித்துத்தான் கிளையண்ட், சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பலாமா இல்லை விட்டுவிடலாமா என்று முடிவெடுக்கும்.

புதிய விதியை எழுதிய அன்றே அமல்படுத்தாமல், ஒரு வாரம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, எதையெல்லாம் மறுத்திருக்கும் என்பதை மட்டும் லாகில் எழுதவிடுங்கள். அந்த லாகைப் படித்த பிறகு என் விதிகளில் பாதியை நானே அழித்தேன். இதற்குள் நுழைந்துவிட்ட குப்பையை ப்ளக்இன் திரும்பிப் பார்க்காது. அதற்கு ஸ்டிர்ஃப்ரையின் டிலீட் கட்டளை இருக்கிறது. டிரை-ரன் (எதையும் அழிக்காத ஒத்திகை) போட்டு எத்தனை ஈவென்ட் சிக்குகிறது என்று பார்த்துவிட்டு அழியுங்கள்.