கலர் பிலிம் வீட்டிலயே கழுவலாம், எங்கட வெக்கைக்கும் கிணத்துத் தண்ணிக்கும் ஏத்த மாதிரி

கலர் பிலிம் எண்டா லேப்லதான் கழுவலாம் எண்டு நினைச்சு கன பேர் ரோலை லாச்சிக்குள்ள போட்டு வச்சிருக்கிறீங்க, அப்பிடி ஒண்டும் இல்ல. சாதாரண கேமராவில போடுற கலர் நெகட்டிவ் பிலிமுக்கு சி-41 எண்ட ஒரே முறைதான், 1972ல கோடாக் கொண்டு வந்தது, இப்பவும் அதேதான். டப்பியில சி-41 எண்டு இருக்கா எண்டு பாருங்க, இசிஎன்-2 எண்டு இருந்தா அது சினிமா பிலிம், அதை இதுக்குள்ள போட வேணாம்.

டெவலப்பர், அதாவது பிலிமில படத்தைக் கொண்டுவாற முதல் கெமிக்கல், 37.8 டிகிரில 3 நிமிசம் 15 செக்கன், முழு விசயமும் அதுலதான் கிடக்கு. குளிர் நாட்டுக்காரர் இந்தச் சூட்டைப் பிடிச்சு வைக்கத்தான் பாடுபடுவாங்க, எங்களுக்கு சித்திரை வெயிலுக்கு மேல் டாங்கித் தண்ணியே சுட்டுக்கொண்டுதான் வரும், பெரிய பேசின்ல அதை விட்டு கேத்தில் தண்ணி கொஞ்சம் கலந்து 39 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்து, கெமிக்கல் போத்தலையும் பிலிம் கழுவுற டாங்கையும் அதுக்குள்ள வச்சா காணும். 37.8 எண்டா பரனைட்ல சரியா நூறு, காய்ச்சல் பாக்கிற தெர்மாமீட்டரும் அந்த இடத்தைச் சரியாக் காட்டும், அதை வச்சு உங்கட மத்தத் தெர்மாமீட்டர் பொய் சொல்லுதா எண்டு ஒருக்காப் பாருங்க.

எங்களுக்குச் சிக்கல் தண்ணிதான். மட்டக்களப்புக் கல்லடிப் பக்கம் மாதிரி கடலுக்கும் வாவிக்கும் நடுவில இருக்கிற வளவுகள்ல கிணத்துத் தண்ணி உவரா இருந்தா கெமிக்கல் கலக்க எடுக்காதீங்க, பில்டர் தண்ணி இல்லாட்டி கடைப்போத்தல் தண்ணி. நடுவில கழுவுறதுக்கு பைப் தண்ணி பரவாயில்ல.

பிலிமை டாங்குக்குள்ள போற ரீல்ல சுத்துறது முழு இருட்டில, சிவப்பு லைட்டும் கூடாது. இருட்டுப் பைக்குள்ள கை விட்டா ரெண்டு நிமிசத்தில வேர்த்து ஊத்தும், ஈரம் பட்ட பிலிம் பிளாஸ்டிக் ரீல்ல அரைவாசியில இறுகி நிக்கும், மறுகா தள்ளத் தள்ள மடியும். அதால ராவையில யன்னலையும் கதவுக் கீழ் நீக்கலையும் துணியால அடைச்சு, போனை வெளியில வச்சிட்டு அறைக்குள்ளயே செய்யுங்க, ரீல் நல்லாக் காஞ்சிருக்கவேணும்.

டாங்க் மூடினாப் பொறகு லைட் போடலாம். முதல்ல 38 டிகிரித் தண்ணி ஒரு நிமிசம், அதை வெளிய ஊத்திப்போட்டு டெவலப்பர், முதல் 30 செக்கன் டாங்கை விடாமப் பிரட்டி, பொறகு 30 செக்கனுக்கு ஒருக்கா நாலு தரம். நேரம் முடிய 10 செக்கனுக்கு முதலே வடிக்கத் தொடங்குங்க. அடுத்தது பிளிக்ஸ், அதாவது பிலிமில உள்ள வெள்ளியை எடுக்கிற பிளீச்சும் பிக்சரும் சேர்ந்த கெமிக்கல், ஆறரையில இருந்து எட்டு நிமிசம், கெமிக்கல் கிட்டோட வாற தாள்ல என்ன போட்டிருக்கோ அது. இதுக்குச் சூடு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம், ஆனா காஸ் கட்டும், ஒவ்வொரு தரம் பிரட்டினதும் மூடியை லேசாத் திறந்து விடுங்க, இல்லாட்டி சீறி அடிக்கும். பிளிக்ஸ் ஒரு சொட்டு டெவலப்பர் போத்தல்ல விழுந்தாலும் டெவலப்பர் போச்சு, புனலையும் வேற வேறயா வைங்க. கையுறை கட்டாயம், டெவலப்பர் தோலில பட்டா சிலருக்குச் சொறியும்.

மூண்டு நாலு நிமிசம் நல்லாக் கழுவி, நிறம் மங்காமக் காக்கிற கடைசிக் கெமிக்கலான ஸ்டெபிலைசர்ல ஒரு நிமிசம், அதுக்குப் பொறகு கழுவவே வேணாம். ஈரத்தில பிலிம் பால் கலங்கின மாதிரி இருக்கும், பயப்படாதீங்க, காய தெளியும், செம்மஞ்சள் நிறம் மட்டும் போகாது, அது பிலிமில உள்ளதுதான். கச்சான் காத்து அடிக்கிற நாள்ல வெளியிலயோ யன்னலடியிலயோ தூக்கவே கூடாது, பிலிமில படம் இருக்கிற ஈரப் பூச்சில (எமல்சன்) ஒட்டின மண் பிறகு உரிச்சாலும் வராது. பாத்ரூம் நிலத்தையும் சுவரையும் நனைச்சு தூசை அடக்கிப்போட்டு, கதவைச் சாத்தி கிளிப்பில தொங்க விடுங்க.

கலந்த டெவலப்பர் எங்கட வெக்கைக்கு கெதியாப் பழுதாகும், போத்தல்ல காத்து இல்லாம நிரப்பி நிழலில வச்சு, ரோல்களைச் சேர்த்து வச்சுக் கிட்டக் கிட்டக் கழுவி முடியுங்க. பழைய பிளிக்ஸை வளவில ஊத்தவே ஊத்தாதீங்க, அதுல வெள்ளி இருக்கு, எங்கட மணலில ஊத்தினது நேரா கிணத்துக்குத்தான் போகும். கேன்ல சேர்த்து மூடி வச்சு, ஸ்கேன் பண்ணக் குடுக்கிற லேப்ல எடுப்பாங்களா எண்டு கேளுங்க.